கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தால் ஆபத்தில்லையா?

பிரிட்டனில் ஏதாவது ஒரு ஊரின் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். முடிவெட்டும் கடை, நகப்பூச்சுக் கடை, கோழி வறுவல் கடை, அதற்குப் பக்கத்தில் ஊதா வெளிச்சம் கசிகிற ஒரு கடை இருக்கும். அதுதான் சன்பெட் கடை. உள்ளே மூடி போட்ட கட்டில் மாதிரி ஒரு படுக்கை, மேலும் கீழும் வரிசையாக டியூப் லைட்டுகள். உடுப்பைக் கழற்றிவிட்டு ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம் என்று படுத்து எழுந்து வருகிறார்கள். நிமிஷக் கணக்கில் காசு. இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் போகப் போக இந்தக் கடைகள் இன்னும் அதிகம்.

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "வெயில்ல அலையாதே, கறுத்துடுவே" என்று கேட்டு வளர்ந்த நமக்கு, காசு கொடுத்துக் கறுப்பாவது வேடிக்கையாகத்தான் தெரியும். வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்று நானும் விட்டுவிடலாம். ஆனால் இங்கே பத்து வருஷமாக ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் தமிழ்ப் பள்ளி, கோயில், பிறந்தநாள் விருந்து என்று சுற்றுகிறபோது காதில் விழுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கிறது.

பள்ளி முடிக்கும் விருந்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் தோழிகளோடு சேர்ந்து சன்பெட் கடைக்குப் போக அனுமதி கேட்கும் மகள். ஜிம்மில் உடம்பை ஏற்றி, மேடைப் போட்டிக்குத் தயாராகும் பையன். மேடை வெளிச்சத்தில் தசை எடுப்பாகத் தெரிய நிறம் இன்னும் கூட வேண்டுமாம். "குளிர்காலத்துல வைட்டமின் டி இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார், வாரம் ஒருதரம் அந்த லைட்ல படுத்தா போதுமே" என்று கணக்குப் போடும் அங்கிள். வெண்புள்ளிக்கு மருத்துவமனையில் ஒளி சிகிச்சை கேட்டுக் காத்திருந்து பொறுமை இழந்து, அதே வெளிச்சம்தானே என்று கடைக்குப் போகப் பார்க்கும் அக்கா. நம்மவருக்கும் வெள்ளைக்காரருக்கும் பிறந்து, அப்பாவின் மூக்கும் அம்மாவின் வெளிர்த் தோலுமாக வளரும் பிள்ளைகளும் இப்போது பதின்ம வயதுக்கு வந்துவிட்டார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஒரே நாளில் செய்தால்தான் தப்பு. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் ஒன்றும் ஆகாது." இந்த 'கொஞ்சம் கொஞ்சமாக' என்ற சொல்லைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேட்க நியாயமாக இருக்கிறது, பாதி உண்மையும்கூட. அதனாலேயே நிறையப் பேர் நம்புகிறார்கள்.

கடைக்காரர் சொல்லும் பக்குவம்

முதலில் அவர்கள் பக்கத்தைச் சரியாகச் சொல்லிவிடுவோம். ஒழுங்காக நடக்கும் கடையில் முதல் நாள் ஒரு படிவம் தருவார்கள். உங்கள் தோல் எந்த வகை, வெயிலில் சிவக்குமா கறுக்குமா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். முதல் தடவை மூன்று நான்கு நிமிஷம்தான். அடுத்த தடவைக்கு முன் இரண்டு நாள் இடைவெளி. கண்ணுக்குத் தனிக் கண்ணாடி. வாசனைத் திரவியம், முகப்பூச்சு எதுவும் இல்லாமல் வர வேண்டும். பிறகு வாரம் போகப் போக நிமிஷத்தைக் கூட்டுவார்கள்.

தோல் வகை என்று அவர்கள் சொல்வது ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் ஒளி சிகிச்சைக்காக உருவாக்கியது. முதலில் வெள்ளைத் தோலுக்கு நான்கு வகைதான் வைத்தார். நம்மைப் போன்ற பழுப்புத் தோலுக்கு ஐந்தும், கருந்தோலுக்கு ஆறும் பிற்பாடு சேர்ந்தவை. இது உங்களுக்குத் தெரியாத சமாசாரம் இல்லை. உங்கள் போனில் கட்டைவிரல் இமோஜியை அழுத்திப் பிடித்தால் வருகிற தோல் நிறங்கள் இந்த அளவுகோலை வைத்துத்தான் 2015-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்டன. தமிழர்களில் பெரும்பாலானோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவோம்.

இந்தப் பக்குவம் எல்லாம் உண்மையிலேயே ஒரு வேலையைச் செய்கிறது. தோல் வெந்து, சிவந்து, உரிந்து போவதைத் தடுக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. கேள்வி என்னவென்றால், வேகாமல் இருந்தால் போதுமா?

நிறம் ஏறுவது எப்படி

தோல் ஏன் கறுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மிச்சம் தானாக விளங்கும். புறஊதாக் கதிர் தோலின் செல்லுக்குள் போய் டி.என்.ஏ.வைக் கிழிக்கிறது. அந்தச் சேதத்தைக் கண்டுபிடிக்கும் பி53 என்ற புரதம் விழித்துக்கொண்டு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி நிறமிச் செல்லைப் போய்ச் சேர்ந்ததும் மெலனின் உற்பத்தி கூடுகிறது. புது மெலனின் பக்கத்துச் செல்களுக்குப் போய், அவற்றின் கருவுக்கு மேலே குடை பிடித்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. 2007-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இந்தச் சங்கிலியை விளக்கமாக எழுதினார்கள்.

என் தொழில் பாஷையில் சொன்னால், நாம் அழகு என்று பார்க்கிற அந்த நிறம் ஒரு எரர் லாக். சர்வரில் ஏதோ உடைந்திருக்கிறது, அதற்கான பதிவு திரையில் ஓடுகிறது. லாக் அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் சர்வரை உடைப்பதில்லை.

இப்போது 'கொஞ்சம் கொஞ்சமாக'வுக்கு வருவோம். ஐம்பது நிமிஷம் ஒரே நாளில் படுத்தால் தோல் வெந்துவிடும். ஐந்து நிமிஷமாகப் பத்து நாள் படுத்தால் வேகாது. இடையில் உடம்பு கொஞ்சம் பழுது பார்க்கவும் செய்கிறது. ஆனால் தோல் சிவக்காத அளவிலும் டி.என்.ஏ. சேதம் நடக்கிறது. பழுதுபார்ப்பு நூற்றுக்கு நூறு சரியாக நடப்பதும் இல்லை. மிச்சம் மீதி சேர்ந்துகொண்டே போகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். நிறம் ஏறிய பிறகு கடைக்காரர் நிமிஷத்தைக் கூட்டுகிறார். ஏன்? பழைய அளவில் நிறம் மேலே ஏறாது. அதாவது உடம்பின் எச்சரிக்கை மணி அடிக்கும் அளவை உயர்த்திவிட்டு, அதற்குத் தகுந்தபடி கதிரையும் கூட்டுகிறோம். அலாரம் அடிக்கவில்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்று எந்த இன்ஜினியராவது சொன்னால் அவரை நாம் என்ன சொல்வோம்?

"முதலில் கொஞ்சம் நிறம் ஏற்றிக்கொண்டு விடுமுறைக்குப் போனால் ஸ்பெயின் வெயில் ஒன்றும் செய்யாது" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. அப்படி ஏற்றிய நிறம் தருகிற பாதுகாப்பு, எஸ்.பி.எஃப். கணக்கில் மூன்று நான்குதான். மருந்துக்கடையில் விற்கிற சாதாரண சன் கிரீமில் முப்பது இருக்கிறது. சன்பெட்டில் பெரும்பாலும் யு.வி.ஏ. கதிர். அது உடனே நிறத்தைக் காட்டிவிடும்; ஏற்கெனவே இருக்கும் மெலனினைக் கறுக்க வைப்பதுதான் அதன் முதல் வேலை. குடை பெரிதாவதில்லை, குடைத்துணியின் சாயம்தான் மாறுகிறது.

எண்கள் என்ன சொல்கின்றன

2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சன்பெட்டை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் பிரிவு. இதைச் சொன்னதும் சிலர் "அப்ப ஒரு தரம் படுத்தா சிகரெட் பிடிச்ச மாதிரியா?" என்பார்கள். அப்படி இல்லை. அந்தப் பிரிவு, புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. எவ்வளவு பேருக்கு வரும் என்பதைச் சொல்வதில்லை.

எவ்வளவு என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. 2012-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஐரோப்பிய ஆய்வு, வாழ்நாளில் எப்போதாவது சன்பெட் பயன்படுத்தியவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அபாயம் 20 சதவீதம் அதிகம் என்றும், 35 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு 59 சதவீதம் அதிகம் என்றும் சொன்னது. இது ஒப்பீட்டுக் கணக்கு. நூறு பேரில் 59 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் பிரிட்டனில் ஆண்டுக்குப் பல ஆயிரம் பேருக்கு மெலனோமா கண்டுபிடிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இளம் வயதில் தொடங்குவதுதான் மோசம் என்பது விளங்கும்.

கடைக்காரர் நிமிஷத்தை எண்ணுகிறார், சரி. அந்த நிமிஷத்தில் இயந்திரம் எவ்வளவு கதிர் தருகிறது? ஐரோப்பியத் தர விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு 0.3 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. இதுவே யு.வி. குறியீட்டில் 12. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11-ஐத் தொட்டாலே உச்சகட்டத் தீவிரம். நம் ஊர்க் கோடை உச்சி வெயில் ரகம். 2013-ல் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 400-க்கும் மேற்பட்ட சன்பெட்களை அளந்து பார்த்தபோது, பத்தில் ஒன்பது அந்த வரம்பைத் தாண்டி இருந்தது. ஆக, 'ஐந்து நிமிஷம்' என்பது ஒரு அளவே இல்லை. எந்த இயந்திரத்தில் ஐந்து நிமிஷம், டியூப் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்து அது மாறும். புது டியூப் போட்ட வாரம், அதே ஐந்து நிமிஷத்தில் உடம்பில் ஏறுவது அதிகம்.

நம் தோலுக்கு என்ன?

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களை வைத்துச் செய்தவை. அதை மறைத்துவிட்டு உங்களைப் பயமுறுத்துவது நேர்மையாக இருக்காது. பழுப்புத் தோலுக்கும் கருந்தோலுக்கும் மெலனோமா வருவது வெள்ளைத் தோலைவிட மிகவும் குறைவு. பிறவியிலேயே நமக்குக் குடை பெரியது.

அப்படியென்றால் நாம் போகலாமா? நான் இதை வரவு செலவுக் கணக்காகப் பார்க்கிறேன். வரவு என்ன? ஏற்கெனவே இருக்கும் நிறம் ஒரு சாயல் கூடும், சில வாரத்தில் போய்விடும். செலவு என்ன? மங்கு. நம் வீட்டுப் பெண்களுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத் திட்டாக வருமே, அதேதான். புறஊதாக் கதிர் பட்டால் அது கிளம்பும், இருப்பது கூடும். கர்ப்பகாலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கிறபோதும் இன்னும் எளிதில் வரும். ஒரு தடவை வந்தால் லேசில் போகாது. பருக்கள் ஆறிய இடத்தில் கரும்புள்ளி நிற்பதும் நம் தோலில்தான் அதிகம், கதிர் பட்டால் அதுவும் அழுத்தமாகும். பருவுக்கு மருத்துவர் தருகிற டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு சன்பெட்டில் படுத்தால், நம் தோலும் வேகும். கண்ணாடி போடாமல் படுத்தால் கண்ணுக்குக் கேடு, அதில் தோல் நிறம் பார்த்துச் சலுகை எதுவும் கிடையாது.

கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளின் கதை வேறு. பெயர் தமிழ்ப் பெயராக இருக்கலாம், தோல் மூன்றாம் வகையாக இருக்கலாம். 'நாங்க தமிழ், எங்களுக்கு ஒண்ணும் ஆகாது' என்ற தைரியம் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. வெயிலில் எப்படி ஆகிறது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும், பரம்பரையை வைத்து அல்ல.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 'நமக்குத் தோல் புற்றுநோய் வராது' என்ற எண்ணத்தாலேயே நம்மில் வருகிறவர்களுக்கு அது தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. கருந்தோலில் மெலனோமா வந்தால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி என்று வெயிலே படாத இடத்தில் வருவதுதான் அதிகம். பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் விரல் நகத்தின் கீழேதான் கண்டுபிடித்தார்கள். 1981-ல் 36 வயதில் இறந்துபோனார். இதற்கு வெயிலோ சன்பெட்டோ காரணம் இல்லை. ஆனாலும் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஒற்றை நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால், நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவினால், உள்ளங்காலில் மச்சம் மாதிரி ஒன்று வடிவம் மாறினால், படம் எடுத்து வைத்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் போங்கள். நம் தோலில் நகக்கோடுகள் பல தீங்கில்லாதவைதான். மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

வைட்டமின் டி அங்கிளுக்கு

குளிர் நாட்டில் நமக்கு வைட்டமின் டி குறைவது உண்மை. மெலனின் அதிகம் என்பதால் அதே வெயிலில் வெள்ளைக்காரருக்குக் கிடைக்கிற அளவு நமக்குக் கிடைக்காது. அதனால்தான் பிரிட்டன் சுகாதாரத் துறை, மற்றவர்களுக்குக் குளிர்காலத்தில் மட்டும் சொல்கிற 10 மைக்ரோகிராம் மாத்திரையை, தெற்காசியர்களும் கறுப்பினத்தவரும் வருஷம் முழுக்க எடுக்க யோசிக்கச் சொல்கிறது. 10 மைக்ரோகிராம் என்றால் 400 யூனிட். சூப்பர்மார்க்கெட்டிலேயே விற்கிறார்கள், விலையும் சொற்பம்.

தோலில் வைட்டமின் டி செய்வது யு.வி.பி. கதிர். சன்பெட்டில் மேலோங்கி நிற்பது யு.வி.ஏ. பசிக்குச் சோறு வேண்டும் என்று போய், சோற்றைவிட எண்ணெயை அதிகம் குடித்துவிட்டு வருகிற கதை. தினம் ஒரு மாத்திரையில் முடிகிற காரியத்துக்குப் புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிற இயந்திரம் எதற்கு? உங்களுக்கு ஏற்கெனவே குறைபாடு என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருந்தால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

உண்மையான 'கொஞ்சம் கொஞ்சமாக'

வெண்புள்ளிக்கும் சோரியாசிஸுக்கும் மருத்துவமனையில் ஒளி சிகிச்சை தருகிறார்கள். அதுவும் புறஊதாக் கதிர்தானே, அவர்கள் செய்தால் மருந்து, கடையில் செய்தால் விஷமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மருத்துவமனையில் பெரும்பாலும் பயன்படுத்துவது 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய குறுகிய யு.வி.பி. முதலில் உங்கள் தோல் எந்த அளவில் சிவக்கிறது என்பதைப் பார்த்தோ, தோல் வகையை வைத்தோ தொடக்க அளவை முடிவு செய்கிறார்கள். வாரம் இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் போன முறை என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் கூட்டுவார்கள், இல்லையென்றால் குறைப்பார்கள். விளக்கின் வலுவை அளந்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு கதிர் என்பது உங்கள் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் நிறுத்தச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஒரு நோய் இருக்கிறது. அதற்காக ஒரு அபாயத்தை எடுக்கிறோம் என்று இரண்டு பக்கமும் தெரிந்தே செய்கிறார்கள்.

கடையில் அலைநீளம் வேறு, அளவு தெரியாது, கணக்கு வைப்பதில்லை. நேற்று வேறு கடையில் படுத்துவிட்டு இன்று இங்கே வந்தாலும் யாருக்கும் தெரியாது. வெண்புள்ளி இருக்கிற இடத்தில் நிறமி இல்லை. அந்த இடம் சட்டென்று வெந்துவிடும். சுற்றியிருக்கிற நல்ல தோல் கறுத்து, புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும். காத்திருக்கும் அக்காமார் தயவுசெய்து பொறுத்திருங்கள். தேதி தள்ளிப் போனால் தொலைபேசியில் விடாமல் கேளுங்கள்.

வீட்டுக்குள் ஒரு பேச்சு

இவ்வளவையும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இதுதான் எனக்குப் பெரிய கவலை.

அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். பள்ளியில் பழுப்பு நிறம் அழகு, தோழிகள் அதற்காகக் காசு செலவழிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஊரிலிருந்து வீடியோ காலில் பாட்டி, "என்னடி இப்படிக் கறுத்துட்டே?" என்கிறார். விருந்தில் ஓர் ஆன்ட்டி, "அக்கா நல்ல கலரு, தங்கச்சிதான் கொஞ்சம் கம்மி" என்கிறார். திருமண விளம்பரத்தில் இன்னும் 'சிவந்த நிறம்' தேடுகிறோம். 1975-ல் இந்தியாவில் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. நம் பேச்சு மாறியதா? லண்டனிலும் லெஸ்டரிலும் நம்மவர் கடைகளில் கூட, பாதரசமும் ஹைட்ரோகுயினோனும் கலந்த வெளுப்புக் களிம்புகளை அதிகாரிகள் பறிமுதல் செய்வது செய்தியாகிக்கொண்டேதான் இருக்கிறது.

தன் பிள்ளைக்கு வெளுப்புக் களிம்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, சன்பெட்டுக்குப் போகாதே என்று சொல்கிற பெற்றோரின் பேச்சு எடுபடாது. இரண்டு கடையும் ஒரே சரக்கைத்தான் விற்கின்றன: உன் தோல் இப்போது இருக்கிறபடி சரியில்லை. பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே சன்பெட் பற்றிப் பேசும் முன் வீட்டில் நிறம் பற்றிய கமெண்ட்டுகளை நிறுத்தியாக வேண்டும். வீடியோ காலில் பாட்டி சொன்னால், பிள்ளை காதில் விழும்படியே "அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு, நான் மேலே அடுக்கிய எல்லா எண்களையும்விட வலு அதிகம்.

அப்படியும் போவேன் என்றால்

பதினெட்டு முடிந்த பிள்ளையை நாம் கட்டிப்போட முடியாது. இங்கிலாந்து, வேல்ஸில் 2010-ல் வந்த சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவரை சன்பெட்டில் அனுமதித்தால் கடைக்காரருக்கு 20,000 பவுண்டு வரை அபராதம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இதே வயது வரம்புதான். எனவே பதினெட்டுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. மேலே என்றால், முதலில் மாற்று வழியைச் சொல்லுங்கள். ஸ்ப்ரே டான் என்று ஒன்று இருக்கிறது. டி.எச்.ஏ. என்கிற சர்க்கரைப் பொருள் தோலின் மேலே இருக்கிற இறந்த அடுக்கைப் பழுப்பாக்குகிறது. கதிர் இல்லை. ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். தெளிக்கிறபோது மூச்சில் போகாமலும் கண்ணில் படாமலும் பார்த்துக்கொண்டால் போதும். மேடைப் போட்டிக்குப் போகிற தம்பிமாருக்கும் அதுதான் வழி; போட்டிக்காரர்கள் மேடையேறும் முன் அதைத்தான் பூசிக்கொள்கிறார்கள். சமூக வலைத்தளத்தில் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே, ஊசி என்று மெலனோடான் விற்கிறார்கள். அது அனுமதி பெறாத மருந்து, பக்கத்திலேயே போகாதீர்கள்.

அதுவும் வேண்டாம், சன்பெட்தான் என்றால், கடையில் நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்த இயந்திரம் 0.3 வரம்புக்குள் இருக்கிறது என்பதற்குச் சான்று உண்டா? டியூப் எப்போது மாற்றினீர்கள்? நான் சாப்பிடும் மருந்துகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வீர்களா? கண்ணாடி தருவீர்களா? இதில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் வெளியே வந்துவிடுவது நல்லது. நான்குக்கும் பதில் இருந்தால் தோல் வேகிற வாய்ப்பு குறையும். டி.என்.ஏ. சேதம் அப்படியேதான் இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2016-ல் சொன்னதும் இதுதான்: சன்பெட்டுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

சட்டம் பற்றி என் கருத்து

பிரேசில் 2009-லேயே அழகுக்கான சன்பெட்டை முழுக்கத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் க்ளேர் ஆலிவர் என்ற 26 வயதுப் பெண் மெலனோமாவோடு போராடிக்கொண்டே, சன்பெட் பற்றித் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் பேசி 2007-ல் இறந்துபோனார். அதற்குப் பிறகு அங்கே விதிகள் இறுகிக்கொண்டே வந்து, 2014 முடிவிலும் 2015 தொடக்கத்திலுமாகப் பெரும்பாலான மாநிலங்களிலும் 2016-ல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கடைகள் மூடப்பட்டன. சிட்னியிலும் மெல்பர்னிலும் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இந்த வாக்குவாதமே இல்லை. பிரிட்டன், கனடா, ஜெர்மனி, நார்வே என்று மற்ற இடங்களில் வயது வரம்போடு நிற்கிறது.

முழுத் தடை வேண்டும் என்பதே என் கருத்து. பெரியவர்கள் தங்கள் உடம்புக்குத் தாங்களே பொறுப்பு என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாதம் நிற்க வேண்டுமென்றால் வாங்குகிறவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். பத்தில் ஒன்பது இயந்திரம் வரம்பைத் தாண்டியிருந்த ஒரு வியாபாரத்தில், 'உன் விருப்பம்' என்பது வெறும் சொல்தான். குறைந்தபட்சம், ஆள் இல்லாத கடைகளை ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தடை செய்த மாதிரி எல்லா இடத்திலும் செய்ய வேண்டும், இயந்திரங்களை ஆண்டுதோறும் அளந்து அந்த எண்ணைக் கடை வாசலில் எழுதிப் போட வைக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பப் பத்து நிமிஷம் போதும். நம்மவர்கள் குடியேற்றச் சட்டத்துக்கு மட்டும்தான் எழுதுவார்கள் என்ற பேரை மாற்றலாமே.

சட்டம் வரும் வரை வீட்டில் செய்ய வேண்டியது மூன்று. இந்த வாரக் கடைச்சாமான் பட்டியலில் வைட்டமின் டி மாத்திரையைச் சேருங்கள். குளித்துவிட்டு வந்ததும் உள்ளங்காலையும் நகங்களையும் ஒருதரம் பாருங்கள், அம்மா அப்பாவுக்கும் பார்த்துவிடுங்கள். பிள்ளை சன்பெட் பற்றிக் கேட்டால் திட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். அந்த நிறம் எப்படி ஏறுகிறது என்பதைச் சொல்லுங்கள். காரணம் சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தான் இவர்கள்.